செவப்பு கார்டு நெட்டு

…வேணாம் தம்பி, கம்பியில கோளாறு இல்ல, பொட்டியில கோளாறு இல்லன்னு எங்கிட்ட கத உடாத. மூணு தபா வந்துட்டு போயிட்ட. மொதல்ல அந்த ஏணிய சாத்து, மோர குடி. பதினோரு மணிக்கு எம்பொண்ணு அர்ச்சனாவுக்கு இன்டர்வியூ. வேல குடுக்கறவங்க பெங்களூர்ல குந்திகினு இந்த நெட்டு வழியாத்தான் கேள்வி கேப்பாங்களாம். போன வாரம் ஒருத்தரு கேட்டாரு. "உங்க பேரு…"ன்னாரு, தொறந்த வாயி தொறந்தபடியே நின்னுபோச்சு. அந்த வேல போச்சு. பொண்ணு ரெண்டு நாளா சோறு துண்ணல. வயிறு எரியுது தம்பி.

ஏழப்பட்ட செவப்பு ரேஷன் கார்டுக்கு பாதி நெட்டுக் காசு கவுருமெண்டே கட்டுதுல்ல, அந்த எளக்காரம். வசதியான மஞ்ச கார்டு வூட்டுக்கு கொழாய தெறந்து உடறீங்க, எங்களுக்கு சொட்டு சொட்டா உடறீங்க. இல்லியா? எல்லாருக்கும் ஒரே ஸ்பீடா? சரி, மூஞ்சிய அப்டி வெக்காத. இந்த மானியத்துக்கு சோரியாங்குப்பத்துலேந்து பாகூர் கொம்யூன் ஆபீசுக்கு நான் நடந்த நடையில செருப்பே தேஞ்சிபோச்சு.

இதுல இன்னொரு ரோதன. நெட்டு வந்த நாள்லேந்து தெருப் பசங்க பூரா எங்க வாசச் செவுத்தோரமே குந்திகினு இருக்குதுங்க. வயசுப் பொண்ணு இருக்கற வூடு, தொடப்பத்த எடுத்துகினு போனேன். ஒருத்தனும் அவ பக்கம் நிமிந்துகூட பாக்கல, எல்லாம் போனத்தான் பாக்குது. பாவம்னு மோர் ஊத்திக் குடுத்தேன். எட்டு வருசமா மூஞ்சி குடுக்காத எதுத்த வூட்டு காசம்மா, அவகூட பேரனயும் போனயும் தூக்கிகினு வந்து, "இன்னா ருக்கு, சாப்டியா"ன்னு கேக்கறா. மனசு குளுந்துபோச்சு எனக்கு.

இன்னா, போன காட்டற? எங்க நெட்டுல இருபத்தி மூணு பேரு இருக்காங்களா? எங்க வூட்ல ரெண்டு போனுதான்பா. பாஸ்வேர்டா? யாருக்கும் சொல்லல, சத்தியமா. நாவகம் நிக்காதுன்னு வாசச் செவுத்துல, போலியோ சொட்டுக்காரங்க நம்பர் எழுதுவாங்கல்ல, அதும் பக்கத்துல எழுதி வெச்சிருக்கேன். சாக்பீசு மழையில போயிடும்னு பெயிண்ட்லயே.

ஏன் தம்பி சிரிக்கற.

ஐயோ… அப்ப பசங்க… காசம்மா… எம்பொண்ணு வேலய நானேதான் கெடுத்தனா?

மாத்து, சீக்கிரம் மாத்து, மணி பத்தே முக்கா. ஆச்சா? புதுசு இன்னா வெச்ச? இம்மா நீட்டா வெச்சா எனக்கு எப்டிப்பா நாவகம் நிக்கும்.

அடியே அர்ச்சனா, அந்த பெயிண்ட் டப்பாவ எடு.