என் வீட்டு ஓட்டு

— பேனாவ மூடிச் சட்டைப் பையில சொருகுங்க தலைவரே. எனக்குப் பதிலா நீங்க ஓட்டுப் போடற அந்த ப்ராக்ஸி சீட்டுல இந்த வருஷம் என் கையெழுத்து கிடையாது.

— கூட்டம் நடத்தக் குறைஞ்சபட்ச ஆள் கணக்கு வேணுமே, அதுக்குத்தான் வெர்லீன். சாயங்காலம் அசோசியேஷன் கூட்டம், பாதி வீட்டுக்காரங்க வரமாட்டாங்க. ஆள் வரலேன்னாலும் இந்தச் சீட்டு வந்தா, வந்த கணக்குதான்.

— போன வருஷமும் இதே பாட்டத்தான் பாடினீங்க. நானும் அடுப்பு வேலையில படிச்சுப் பாக்காம போட்டுக் குடுத்தேன். என்ன செஞ்சீங்க? என் ஓட்டையும் சேத்துப் போட்டு என் கோழிங்களுக்கே தடை கொண்டு வந்தீங்க!

— ‘தலைவர் தன் விருப்பப்படி ஓட்டுப் போடலாம்’னு கீழ அச்சடிச்சிருக்கே. படிக்காதது யார் தப்பு?

— என் தப்புதான். அதான் இப்ப கண்ணாடி மாட்டியிருக்கேன்.

— இங்க பாருங்க, உங்க மேல எனக்கு என்ன பகை? வாசல்ல நிக்குதே அந்தப் பார்பெக்யூ வண்டி, அதுதான் பிரச்சனை. எந்நேரமும் புகை, பன்னிக்கறி வாடை. இங்க இருக்கறவங்க எல்லாம் கௌரவமானவங்க.

— அந்தக் கௌரவம் ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விருந்துல எங்க போச்சு? தட்டுத் தட்டா விலா எலும்பக் கடிச்சுட்டு, தாடையில சாஸ் வழிய வழிய ‘இன்னும் கொஞ்சம் வை வெர்லீன்’னு நின்னது யாராம்?

— அது வேற, இது வேற. தொழில் வண்டி எதுவும் வீட்டு வாசல்ல நிக்கக் கூடாது. அந்த விதி இன்னிக்கு நிறைவேறும்.

— என் பொழப்பே அந்த வண்டிதான். அது போனா வீட்டுக் கடன் கட்ட முடியாது, வீடும் போயிரும். தெரிஞ்சேதானே பண்றீங்க?

— விதின்னா விதி. வீட்ட வாடகைக்கு விட்டுட்டு அட்லாண்டாவுல இருக்கறவங்க எல்லாரும் எனக்குத்தான் ப்ராக்ஸி அனுப்பியிருக்காங்க. இந்தப் பை நிறைய இருக்கு. நீங்க ஒத்த ஆளா கையத் தூக்கி என்ன ஆகப் போவுது?

— அந்தச் சீட்டுல எல்லாம் தேதி பாத்தீங்களா?

— தேதிக்கு என்ன?

— அதே ஆளுங்க அதுக்குப் பின்னாடி எனக்கு எழுதிக் குடுத்தா, பழைய சீட்டு செல்லாது. உங்க விதிப் புஸ்தகத்துலதான் இருக்கு. ஒவ்வொருத்தருக்கா ஃபோன் போட்டு, அவங்க திட்டுனதையும் வாங்கிக்கிட்டு, கெஞ்சாம பேசினேன்.

— எல்லாரும் உங்க பக்கம் வந்துட்டாங்களா?

— பொய் சொல்ல மாட்டேன். பாதிப் பேரு வந்தாங்க.

— அப்போ உங்க ஓட்டையும் சேத்தாலும் சரிக்குச் சரிதான்! என் வீட்டு ஓட்டு ஒண்ணு போதுமே எனக்கு.

— யார் வீட்டு ஓட்டு, டுவைட்?

— மேரிபெத்? முடி வெட்டிக்கப் போறேன்னுதானே கெளம்புன! என் பொண்டாட்டிக்கு இவங்க சமையக்கட்டுல என்ன வேலை?

— முட்டைக்கோஸ் நறுக்கறேன். கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— நம்ம வீட்டு ஓட்டுதான். நீதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த?

— எங்கம்மா எனக்கு எழுதி வச்ச வீடு அது. வருஷா வருஷம் காப்பியோட ஒரு தாளையும் நீட்டுவ, ‘இங்க போடு மேரி’ன்னு. நானும் போட்டேன். ஒரு தடவையாவது ‘உனக்கு என்ன தோணுது’ன்னு கேட்டியா?

— சரி, இப்பக் கேக்கறேன். நீயும் வெர்லீனுக்கு எழுதிக் குடுத்துட்டியா?

— நான் கேக்கவே இல்ல தலைவரே. அவங்களாத்தான் காலையில வந்து கத்தி எங்கன்னு கேட்டாங்க.

— யாருக்கும் எழுதிக் குடுக்கல டுவைட். சாயங்காலம் நானே வரேன். நான் நேர்ல வந்து உக்காந்துட்டா, உன் பையில இருக்கற என் சீட்டு வெறும் காகிதம்.

— கோவத்துல பேசாத மேரி. ஊர் சிரிக்கும். நான் இந்த அசோசியேஷன் தலைவர்!

— வீட்டுச் சொந்தக்காரங்க, இல்லேன்னா அவங்க சீட்டு வச்சிருக்கறவங்க, இவங்கதான் தலைவர் நாற்காலியில உக்கார முடியும். இத்தனை வருஷமா நீ உக்காந்தது என் சீட்டு மேலதான். பேனாவ இப்படிக் குடு, இன்னிக்கு நடக்கற தலைவர் தேர்தலுக்கு என் பேர எழுதணும்.