ஒரே படம், பன்னிரண்டு முறை

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் உள்ளன. வயது அறுபத்தெட்டு வருடம், நான்கு மாதம். வளாகத்தின் இரண்டாம் மாடியில், கணவரை இழந்த என் அக்காவுடன் வசிக்கிறேன். அதே வளாகத்தின் பராமரிப்பு அலுவலகத்தில் புகார்களைப் பதிவு செய்கிறேன். அங்கே என்னைக் ‘காலண்டர் சார்’ என்பார்கள்.

மின்னஞ்சலில் வரும் ஒவ்வொரு புகாருக்கும் தானாக எண் இடும் மென்பொருள், மார்ச் 3, திங்கட்கிழமை நடைமுறைக்கு வந்தது. இணைத்து அனுப்பப்படும் படங்களை அது எப்படிக் கையாள வேண்டும் என்பதை நானே அமைத்தேன். ஒரு முறை வந்த படமே மீண்டும் வந்தால் புகாரில் சேர்க்காமல் ஒதுக்கிவிட வேண்டும் என்பது நான் வைத்த விதி. சோதனைக்காக என் மேஜை மின்விசிறியின் படத்தை அனுப்பினேன், பதிவானது.

அதன் பிறகு, 4 முதல் 13 வரை, பதினொரு புகார்கள் படம் இல்லாமல் வந்து சேர்ந்தன. குழாய் ஒழுகுவதாகவும் அழைப்பு மணி அடிக்கவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். பதினொன்றாவது என் அக்காவுடையது. 14, வெள்ளி காலை அவர் என்னிடம் கேட்டார்:

“கீழ்ப் படிக்கட்டு முடியிற இடத்துல ஒரு கதவு இருக்குடா. போட்டோ அனுப்பினேனே, பார்த்தியா?”

“வரலைக்கா. போட்டோ இல்லாம ஆள் அனுப்ப முடியாது.”

“கூடப் பொறந்தவளுக்குமா ரூலு? போடா, நானே போய்ப் பார்த்துக்கறேன்.”

அப்போது மணி 11.10. நான் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பவில்லை. கைப்பேசியும் கண்ணாடியும் சாப்பாட்டு மேஜையில் இருந்தன. அன்றிரவே இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அவர் கைப்பேசியை ஒப்படைத்தேன்.

17, திங்களன்று கணினிப் பிரிவுப் பெண் என் விதியை நீக்கி, ஒதுக்கப்பட்டவற்றைத் திறந்தார். “சார், பதினொண்ணும் ஒரே படம். சிஸ்டம் சரியாத்தான் தூக்கிப் போட்டிருக்கு” என்றார். படிக்கட்டின் முடிவில் சாம்பல் நிற இரும்புக் கதவு. அதன் முன் அக்காவின் நீலச் செருப்புகள், நுனி கதவைப் பார்த்தபடி. இடது வாரில் கறுப்பு நூல் தையல். அந்தத் தையலை நான் போட்டது 9, ஞாயிறு. முதல் படம் வந்தது 4, செவ்வாய். பிறகு என் சோதனைப் படத்தைத் திறந்தோம். அதிலும் மின்விசிறி இல்லை, அதே கதவு.

மற்ற பத்து வீட்டாரின் கைப்பேசிகளிலும் குழாயும் மணியுமே உள்ளன. அன்று மாலை ஆய்வாளருடன் கீழே சென்றோம். அங்கே பழைய பூச்சுள்ள சுவர்தான் இருக்கிறது.

இன்று, 18, செவ்வாய் காலை 9.42க்கு அக்காவின் முகவரியிலிருந்து வாசகம் ஏதுமின்றி ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர் கைப்பேசி அப்போது இந்த நிலையத்தில் முத்திரையிடப்பட்டு இருந்தது. இந்தப் படத்தை மென்பொருள் புதியது என ஏற்றுக்கொண்டது. கதவு நான்கு விரல்கடை திறந்திருக்கிறது. செருப்புகள் படிக்கட்டை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டுள்ளன.

அந்தச் சுவரை இன்றே இடித்துப் பார்க்க வேண்டும். இடிக்கும்போது நானும் அங்கே நிற்க அனுமதி வேண்டும். வெளியே வருவது என் அக்காதானா என்று என்னால் மட்டுமே சொல்ல முடியும்.

நான் சொன்னபடியே எழுதப்பட்டது. வாசிக்கக் கேட்டேன், தேதிகள் உட்பட அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)
மார்ச் 18, பகல் 12.05