அரைச் சுத்து லூஸ்

— நான் ஒண்ணு கேக்கறேன் மாப்ள. என் கார்ல ஆயில் மாத்துனது யாரு? நீங்கதானே? மாத்தி ஒரு மாசம்கூட ஆகல, ஒரு வாரமா தரையெல்லாம் எண்ணெய்.

— தள்ளி நில்லுங்க மச்சான். சட்டையில கறை பட்டுரும்.

— கறையைப் பத்தி நீங்க பேசாதீங்க. எங்க அடுக்குமாடியில அடுத்தவன் வண்டி ஒழுகுனா நோட்டீஸ் ஒட்டுற செயலாளர் நான். இப்ப என் வண்டிக்கு அடியில நானே அட்டையை விரிச்சு வெச்சிருக்கேன். போறவன் வர்றவனெல்லாம் குனிஞ்சு பாத்துட்டுச் சிரிச்சுக்கிட்டே போறான்.

— அந்த அட்டையைக் கொண்டாந்தீங்களா?

— டிக்கியில இருக்கு. உங்க பொண்டாட்டிதான் குடுத்து விட்டா. எந்தப் பக்கம் சொட்டுதுன்னு தெரிஞ்சா உங்களுக்கு வேலை சுலபமாம்.

— ஓகோ. வேற என்ன சொன்னா?

— அவ சொன்னதை விடுங்க, நான் சொல்றதைக் கேளுங்க. மூணு வாரமா என் தங்கச்சி என் வீட்டுல இருக்கா. உங்ககிட்டேருந்து ஒரு போன் உண்டா?

— கோவிச்சுக்கிட்டுப் போனது அவ. நான் எதுக்குப் போன் பண்ணணும்? அந்த லைட்டை இப்படிக் குடுங்க. ம்… அடியில ஆயிலை வடிக்கற போல்ட் நனைஞ்சிருக்கு.

— அப்ப அதை ஒழுங்கா முறுக்கல நீங்க.

— பொறுங்க மச்சான். சொட்டுற எடம் வேற, கசியிற எடம் வேற. மேல எங்கயோ கசிஞ்சு, வழிஞ்சு வந்து இந்த போல்ட்டுல சொட்டும். சுத்தமாத் தொடைச்சு, பவுடர் அடிச்சு, வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பாக்கணும்.

— பவுடரா?

— மூஞ்சிக்குப் பூசுற பவுடர்தான். எது மொதல்ல நனையுதோ அங்கதான் கசிவு. ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க. ஆக்சிலேட்டரை மிதிக்காதீங்க, சும்மா ஓடட்டும்.

— சும்மா ஓடட்டும்னு எல்லாத்தையும் விட்டுற முடியாது மாப்ள. இதே ஷெட்டுல உங்களுக்குச் சமமா கிரீஸ்ல கெடந்தவ அவ. பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வேலை கெடைச்சிருக்குன்னு வந்து சொன்னதுக்கு, ஸ்பேனரைத் தூக்கி எறிஞ்சிருக்கீங்க.

— தரையில எறிஞ்சேன். அவ மேல எறியல.

— நல்ல நியாயம்.

— வெளியூர் வேலை மச்சான் அது. புருஷன் ஒரு ஊரு, பொண்டாட்டி ஒரு ஊருன்னா நாலு பேரு என்ன பேசுவான்? ஏன், நீங்க மட்டும் போயிட்டு வாம்மான்னு அனுப்பி வெச்சிட்டீங்களாக்கும்?

— நான் ஏன் அனுப்பறேன்? வந்த அன்னைக்கே சொல்லிட்டேன். வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மாப்பிள்ளை நேர்ல வந்து மன்னிப்புக் கேக்கட்டும், மரியாதையாக் கூட்டிட்டுப் போகட்டும். வர்ற திங்கக்கிழமை சேரணும்னு நேத்துக்கூட அழுதா. அழட்டும்னு விட்டுட்டேன். என் ஆபீஸே வீட்டு முன்ரூம்லதான். என் மேசையைத் தாண்டாம வாசப்படி மிதிக்க முடியாது, தெரியுமில்ல?

— அப்ப அந்த விஷயத்துல நீங்களும் நானும் ஒரே கட்சி.

— அந்த ஒரு விஷயத்துல மட்டும். மத்தபடி உங்க மேல இருக்கற ஆத்திரம் அப்படியேதான் இருக்கு.

— இருக்கட்டும். இப்ப இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு எறங்கி வாங்க. மேல மூடி காஞ்சு கெடக்கு, அங்க கசிவு இல்ல. இங்க பாருங்க, ஆயில் ஃபில்டர் விளிம்புல பவுடர் சேறாயிருக்கு. இங்கேருந்துதான் எறங்குது.

— ஃபில்டர் மாட்டுனது யாரு?

— நான்தான்.

— அப்பறம் என்ன? வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்க. தப்பு உங்க மேலதான், ஒத்துக்கங்க.

— ஒத்துக்க மாட்டேன். நான் ஃபில்டர் மாட்டுனா, ஃபில்டரையும் இன்ஜினையும் சேத்து ஒரு வெள்ளைக் கோடு இழுப்பேன். கோடு நேரா இருந்தா ஃபில்டர் அசையலன்னு அர்த்தம். இப்பப் பாருங்க, பாதிக் கோடு இங்க இருக்கு, மீதி அந்தப் பக்கம் போயிருச்சு. அரைச் சுத்து லூஸ்.

— வண்டி ஆடுன ஆட்டத்துல கழண்டிருக்கும்.

— தானா இவ்ளோ கழலாது. இருங்க… சுத்தி வரப் பொடிப்பொடியாக் கீறல் இருக்கு. உப்புத்தாள் பட்ட கீறல்.

— எதிர்வீட்டுக்காரன். அவன் வண்டிக்குத்தான் போன மாசம் நோட்டீஸ் ஒட்டுனேன். நேரா போலீசுக்குத்தான் போகப் போறேன்.

— போங்க. போயி உங்க தங்கச்சியைப் பிடிச்சுக் குடுங்க.

— என்ன உளர்றீங்க?

— ஃபில்டரை நான் பெல்ட் ஸ்பேனர் போட்டுத்தான் திருப்புவேன். அவளுக்கு அது பிடிக்காது. உப்புத்தாளைச் சொரசொரப்பு உள்பக்கம் வர்ற மாதிரி சுத்தி வெறுங்கையால திருப்புவா, எண்ணெய்க்கை வழுக்காதுன்னு. வேற எந்த மெக்கானிக்கும் இப்படிப் பண்ணி நான் பாத்ததில்ல. இன்னொண்ணு சொல்றேன். ஒரு வாரமா ஒழுகுதுங்கறீங்க, குச்சியை எடுத்துப் பாத்தா ஆயில் அளவு மட்டும் எறங்கவே இல்ல. இன்ஜின் கெட்டுறக் கூடாதுன்னு தெனமும் அளந்து ஊத்தியிருக்கா.

— என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என் வண்டியிலயே கை வெச்சிருக்காளா? எதுக்கு?

— இன்னைக்கு இங்க போகச் சொன்னது யாரு?

— அவதான். மாத்துனவரே பாக்கட்டும், நீ கூடவே நின்னு முடிச்சு எடுத்துட்டு வா, பாதியில விட்டுட்டு வந்துடாதேன்னா.

— இன்னுமா புரியல? வாயத் தொறந்து கேக்க ரோஷம் விடல. அண்ணனையும் காரையும் அனுப்பி வெச்சு, என்னைக் கூட்டிட்டுப் போங்கன்னு ஜாடை காட்டறா.

— குப்புற விழுந்தும் மீசையில மண்ணு ஒட்டலங்கற ஆளு நீங்க.

— என் பொண்டாட்டியை எனக்குத் தெரியும் மச்சான். ஃபில்டரைக் கழட்டிட்டேன், ரப்பர் நைஞ்சு போச்சு. புதுசு கடையிலேருந்து வர மதியமாகும். மாட்டிட்டு நானே உங்க கூட வர்றேன். ஆனா மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன்.

— கேட்டாத்தான் அனுப்புவேன்.

— என் பொண்டாட்டியை அனுப்ப நீங்க யாரு?

— உனக்குப் பொண்டாட்டி ஆகறதுக்கு முன்னாடியே அவ எனக்குத் தங்கச்சி. குரலை ஒசத்தாதே.

— உங்க போன் அடிக்குது. அவதான். ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கறேன்.

— என்னம்மா?

— அண்ணா, ஃபில்டரைக் கழட்டியாச்சா?

— கழட்டியாச்சு. நீ பண்ண வேலையை உன் புருஷன் கண்டுபிடிச்சிட்டாரு. வெக்கமா இல்ல உனக்கு?

— கண்டுபிடிப்பாருன்னு தெரியும். வண்டி இப்ப நகருமா?

— எப்படி நகரும்? புது ஃபில்டர் வர மதியமாகும். அப்பறம் ரெண்டு பேரும் சேந்து வர்றோம், வந்து பேசிக்கறோம்.

— ஏய், நானும் இங்கதான் இருக்கேன். உன் ஜாடை எனக்குப் புரிஞ்சிருச்சு. பையை எடுத்து வெச்சுட்டுக் கெளம்பி ரெடியா இரு.

— பையை நேத்தே எடுத்து வெச்சிட்டேங்க. மூணு வாரமா எனக்குப் பதிலா நீங்க ரெண்டு பேருமே பேசிட்டிருக்கீங்க, இன்னும் பேசுங்க. அண்ணன் அந்த மேசையை விட்டு எந்திரிக்கணும், நீங்க அந்த ஷெட்டை விட்டு நகரக் கூடாது, அதுக்குத்தான் அரைச் சுத்து லூஸ் பண்ணேன். நான் ஏறுன ரயில் ஊரைத் தாண்டிருச்சு.