ஸ்டார் போட்டா எல்லாம் வரும்

ஷோயப்: ...இல்ல சிம்ரா, ரிப்பேருன்னு போன் பண்ணல, கடை கம்ப்யூட்டர் நல்லாத்தான் கீது. பேரும் டெலிவரி தேதியும் மட்டும் வர்றதுக்கு இன்னா அடிக்கணும்? அத்த மட்டும் சொல்லு.

சிம்ரா: போன வாரமே எழுதிக் குடுத்தேனே மாமா. நீங்க இன்னா அடிச்சீங்க?

ஷோயப்: செலக்ட்... ஸ்டார்... ஃப்ரம் கஸ்டமர்.

சிம்ரா: ஸ்டாரா! ஸ்டார் போட்டா டேபிள்ல கீற அத்தினி விவரமும் வரும். பேரு, போன் நம்பரு, மார்பு, இடுப்பு...

ஷோயப்: வந்துச்சு.

சிம்ரா: ஸ்க்ரீன்லதானே?

ஷோயப்: பிரிண்ட்டு எடுத்து கடை வாசல்ல ஒட்டிட்டேன். யார் யார் துணி ரெடின்னு அவங்களே பாத்துக்கட்டும்னு...

சிம்ரா: யா அல்லா! லேடீஸ் டெய்லர் கடை மாமா அது! ராயப்பேட்டையே நின்னு படிக்கும்! மொதல்ல கிழிங்க!

ஷோயப்: கிழிக்க விட்டாத்தானே? சுலோச்சனா டீச்சர் முன்னாடி நின்னுக்கினு கீறாங்க.

சிம்ரா: கத்துறாங்களா?

ஷோயப்: பேனா கேட்டாங்க. இடுப்பு நாப்பத்திநாலுன்னு இருந்துச்சா... அத்த அடிச்சிட்டு முப்பத்தெட்டுன்னு எழுதினாங்க. பாத்துட்டு பின்னாடி ஆறு பேரு லைன்ல...

சிம்ரா: சிரிப்பு காட்டாதீங்க. டைப் பண்ணுங்க. செலக்ட், நேம், கமா, டேட், ஃப்ரம் கஸ்டமர். எந்த விவரம் வேணுமோ அது பேர மட்டும் சொல்லணும்.

ஷோயப்: செலக்ட்... நேம்... இரு, கமா எங்க... ஆங்! வந்திடிச்சு! ரெண்டே ரெண்டு!

சிம்ரா: அத்த ஒட்டுங்க. நான் போனை வெக்கட்டா?

ஷோயப்: இரு, இரு. நேம் கமா வெய்ஸ்ட்னு போட்டா, பேரும் இடுப்பும் மட்டும் வருமா?

சிம்ரா: வரும்... அது எதுக்கு?

ஷோயப்: அளவு நோட்டோட சரி பாக்கத்தான். பக்ரீத்துக்குத் தெச்ச பச்சை சுடிதார் டைட்டுன்னு ஆடினியே. கம்ப்யூட்டர் அளவுப்படிதான் வெட்டினேன்னு சொல்லியும் கேக்காம, நான் கட்டிங் மாஸ்டர் தங்கவேல் அண்ணனப் போட்டுத் திட்டினேன். கத்திரிக்கோல வெச்சிட்டுப் போனவரு, மூணு நாளா வரல. துணி மலையாட்டம் கெடக்குது.

சிம்ரா: மாமா, எனக்கு கிளாஸுக்கு நேரமாச்சு...

ஷோயப்: நோட்டுல உனக்கு முப்பத்தாறு. நானே டேப்பு வெச்சு எழுதினது. இன்னாடி இது... கம்ப்யூட்டர்ல முப்பத்திரெண்டுன்னு கீது? நோட்டப் பாத்து ஏத்தினது நீதானே?

சிம்ரா: தங்கவேல் அண்ணன் வீடு மந்தைவெளில எந்தத் தெரு மாமா? நானே போய் சாரி சொல்லி, கையோட கூட்டிக்கினு வரேன்.