ஏழாம் எண் பாட்டிலின் உப்பு

1968-ம் வருடம் நவம்பர் மாதம் 19-ந் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை 4.15 மணிக்கு ஓசூரில் சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் கேட்க நான் சொல்லிய விவரம்.

என் பெயர் ஜெபசீலி. வயது இருபத்தாறு. தகப்பனார் ஐசக், ஊத்தங்கரை தாலுகா சாமல்பட்டி ரயில் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்குத் திருமணம் ஆகவில்லை. பி.எஸ்ஸி. ரசாயனம் படித்துவிட்டு, சென்னையில் ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்தில் மூன்று வருடமாகத் தற்காலிக ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் வேலையைப் புதுப்பிப்பார்கள். அடுத்த முறை டிசம்பர் முதல் தேதி வருகிறது.

இன்று காலை எல்லைச் சோதனைச் சாவடியில் ஏட்டு முனிசாமி அவர்களின் கையைப் பிடித்து இழுத்தேன் என்பது என் மேல் உள்ள புகார். இழுத்தது உண்மை. ஏன் இழுத்தேன் என்று சொல்ல, கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

கடல் நீரில் உப்பு எவ்வளவு என்று அளப்பது என் வேலை. கப்பலில் போகிறவர்கள் பித்தளைக் குழாயைக் கம்பியில் கட்டிக் கடலுக்குள் இறக்குவார்கள். வேண்டிய ஆழம் வந்ததும் மேலிருந்து ஒரு சிறு எடையைக் கம்பி வழியே நழுவ விடுவார்கள். அது போய்த் தட்டியதும் குழாய் கவிழ்ந்து மூடிக்கொள்ளும், அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே சிக்கிவிடும். மேலே வந்த பிறகு அதைப் பாட்டிலில் நிரப்பி, மெழுகு வைத்து மூடி என்னிடம் அனுப்புவார்கள். பெண்களைக் கப்பலில் ஏற்றும் வழக்கம் எங்கள் நிலையத்தில் இல்லை. ஆகவே நாலாயிரம் பாட்டில் கடலை அளந்திருக்கிறேனே தவிர, கரையில் நின்று பார்க்கும் கடலுக்கு அப்பால் எதையும் பார்த்ததில்லை.

நாங்கள் பயன்படுத்துவது பழைய பீர் பாட்டில்கள். புதுக் கண்ணாடி தண்ணீரில் சற்றுக் கரையும், அளவு கெடும். பழகிய கண்ணாடி கரையாது. உள்ளே போகப்போகும் தண்ணீராலேயே மூன்று முறை அலசி நாலாம் முறை நிரப்புவது முறை. கண்ணாடியில் புடைத்து நிற்கும் பீர் கம்பெனி எழுத்துகள் மூன்று வருடத்தில் என் கண்ணுக்கு மறைந்தே போயின. மதுவிலக்கு உள்ள மாநிலத்துக்குள் அவற்றைப் பஸ்ஸில் கொண்டுவருகிறோம் என்ற நினைப்பே எனக்கு எழவில்லை. படிச்ச முட்டாள் என்று என் அம்மா சொல்வதில் தப்பில்லை.

சென்ற ஆகஸ்ட் மாதம் ஓர் இடத்தில் நூறு மீட்டருக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பாட்டில் எடுத்தார்கள். ஒன்றாம் எண் நூறு மீட்டர், ஏழாம் எண் எழுநூறு மீட்டர் என்று கொள்ள வேண்டும். ஏழாம் எண்ணில் மட்டும், மேலே உள்ளதைவிடவும் கீழே உள்ளதைவிடவும் உப்பு அதிகம் இருந்தது. தண்ணீர் தீரும் வரை அளந்தேன், மாறவில்லை. வெயில் அதிகமுள்ள ஏதோ ஒரு கடலின் நீர், உப்பின் கனத்தால் அந்த ஆழத்துக்கு இறங்கி, அங்கேயே நகர்ந்து வந்திருக்குமோ என்று தோன்றியது. அது எங்கே புறப்பட்டது, எத்தனை வருடம் வந்தது என்ற யோசனையில் சில நாள் சோறே மறந்தது. எங்கள் பிரிவு அதிகாரியிடம் சொன்னேன். என் கைப்பிசகு என்றும், அந்த எண்ணை அடித்துவிட வேண்டும் என்றும், கை நிதானம் இல்லாதவரை டிசம்பருக்கு மேல் வைத்துக்கொள்வது கஷ்டம் என்றும் சொன்னார்.

ஒவ்வொரு ஆழத்துக்கும் இரண்டு பாட்டில் நிரப்புவார்கள். இரண்டாவது செட் திறக்கப்படாமல் அலமாரியில் இருந்தது. அதன் பிறகு, பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் உப்பை மின்சாரத்தால் அளக்கும் புது மெஷின் இருப்பதாகக் கேள்விப்பட்டு, நாலு நாள் லீவு போட்டு, பதிவேட்டில் என் பெயரை எழுதி அந்தப் பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். அதிகாரியிடம் கடிதம் கேட்கவில்லை, கேட்டால் தரமாட்டார். மெஷின் பழுதாகிக் கிடந்தது. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். இன்று காலை திரும்பப் பஸ் ஏறினேன். போகும்போது சாவடியில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் திசையில் யாரும் சரக்குக் கொண்டுபோவதில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

பத்தே முக்கால் மணிக்குப் பஸ்ஸைச் சோதனை போட்டார்கள். என் சீட்டுக்கு அடியில் கோணி சுற்றிய பெட்டியில் பன்னிரண்டு பீர் பாட்டில், மெழுகு வைத்து மூடியிருந்தால் போலீசார் என்ன நினைப்பார்கள்? நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன். கீழே இறக்கினார்கள். கடல் தண்ணீர் என்றேன். அதுவரை என் பக்கத்தில் புளிக்கூடையோடு உட்கார்ந்து வந்த மாரம்மா என்ற அம்மாள், “கடல் தண்ணிய எதுக்கும்மா கட்டினு வர, மெட்ராசுல இல்லாததா?” என்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான்.

ஒரு பாட்டிலைத் திறந்து காட்டும்படி ஏட்டு சொன்னார். ஒன்றாம் எண் பாட்டிலை நீட்டினேன், அது போனால் பரவாயில்லை. அவர் வாங்கவில்லை. “நீயா குடுக்கற பாட்டில்ல தண்ணிதாம்மா இருக்கும். இருவது வருசமா பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு, நடுவில் கைவிட்டு ஒன்றை எடுத்தார். அது ஏழாம் எண். அவர் மெழுகில் கத்தி வைத்தபோதுதான் கையைப் பிடித்து இழுத்தேன். கத்தி நழுவி அவர் கட்டைவிரலில் கீறியது. அதற்கு வருத்தப்படுகிறேன் என்று அப்போதே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

10.52-க்குப் பாட்டில் திறக்கப்பட்டது. என் கடிகாரத்தில் பார்த்தேன். ஏட்டு முகர்ந்தார், வாய் வைக்காமல் உள்ளங்கையில் சில சொட்டு ஊற்றி நக்கினார், துப்பினார், பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றி நக்கினார். “உப்பு” என்றார். எழுநூறு மீட்டர் ஆழத்து நீர் என்றேன். “அம்மாம் ஆழத்துல யாரு போயி மொண்டாந்தா?” என்று கேட்டார். குழாயையும் எடையையும் பற்றிச் சொன்னேன். இறங்கி வந்த டிரைவரும் கேட்டுக்கொண்டு நின்றார். மாரம்மா விரலில் தொட்டு ருசி பார்த்து, கோடையில் தங்கள் ஊர்க் கிணறும் இப்படித்தான் என்றாள். “நீ பாத்தியா அந்த எடத்த?” என்று ஏட்டு கேட்டார். இல்லை என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. 10.56-க்குப் பாட்டிலை மூடி, மெழுகு உருக்கி வைத்தேன். நாலு நிமிடம் திறந்திருந்தது என்பதைத் தயவுசெய்து அப்படியே எழுத வேண்டும்.

அதன் பிறகு பஸ் போய்விட்டது. மற்ற பதினொன்றையும் திறக்க வேண்டும் என்று ஏட்டு சொன்னார். திறந்த நீர் நாளாக ஆக உலர்ந்து உப்பு ஏறும், யாரும் நம்பமாட்டார்கள். பள்ளிக்கூட ஆய்வகம் ஒன்றிருந்தால் எது என்ன என்று ரசாயனப்படி நிரூபிக்கிறேன், ஏழாம் எண்ணையும் இன்றே அளந்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். ஏட்டு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, ஊரில் உள்ள உயர்நிலைப் பள்ளிக்கு அழைத்துப் போனார்.

அங்கே விஞ்ஞான ஆசிரியர் ஜமீர் அகமது அவர்களிடம், உப்பை அளக்க வேண்டிய சில்வர் நைட்ரேட் கேட்டேன். அது வருடத்துக்கே வந்த சரக்கு, பிள்ளைகளின் செய்முறைத் தேர்வுக்கு வைத்திருப்பது என்றார். என்ன அளக்கப் போகிறேன் என்று சொன்னதும் அலமாரிச் சாவியை எடுத்துவிட்டார். ஒப்பிடுவதற்காக ஆறாம், எட்டாம் எண்களின் மெழுகை நானே உடைத்தேன். உடைத்தால் அவையும் போய்விடும், திரும்ப மூன்றாவது செட் கிடையாது.

அப்போது ஏட்டு, “எது உசத்தின்னு உனக்கு முன்னாடியே தெரியுமில்ல? தெரிஞ்சிக்கினு அளந்தா கையி தானா அந்தப் பக்கம் சாயும். எத்தினி தராசுக்காரன பாத்துருக்கேன்” என்றார். என்னையும் ஆசிரியரையும் வராந்தாவில் நிற்கவைத்து, மூன்று தண்ணீரையும் மூன்று ஜாடியில் ஊற்றி, அ, ஆ, இ என்று எழுதி, எது எது என்று தன் நோட்டில் குறித்துக்கொண்டு பிறகு கூப்பிட்டார். மூன்று வருடத்தில் எங்கள் நிலையத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை இது.

ஒவ்வொரு ஜாடியையும் மூன்று முறை அளந்தேன். கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் நிறம் செம்மைக்குத் திரும்பும் கணத்தில் நிறுத்தி, எத்தனை கோடு இறங்கியது என்று ஆசிரியரைப் படிக்கச் சொன்னேன். அ-வும் இ-யும் ஏறக்குறைய ஒன்று. ஆ மட்டும் மூன்று முறையும் இரண்டு கோட்டுக்கு மேல் கூடுதல். நாலு நிமிடம் திறந்திருந்ததால் இவ்வளவு ஏறாது. ஏட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஆ என்பது ஏழாம் எண். எனக்கு அழுகை வந்தது, வந்தது என்றே எழுதிக்கொள்ளலாம். ஏட்டு, “அப்ப அந்த உப்பு அங்க எப்பிடி வந்துச்சு?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றும், அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னேன்.

அதன் பிறகு மூவரும் இங்கே வந்தோம். திறக்காத ஒன்பது பாட்டிலும் மெழுகு கலையாமல் மேஜைக்கு அடியில் இருக்கின்றன. விவரம் கேட்டு எங்கள் நிலையத்துக்கு எழுத வேண்டியிருக்கும் என்று சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் சொன்னார்கள். எழுதினால் என் வேலை போகலாம். ஆனாலும் எழுதட்டும், இந்த வாக்குமூலத்தை முழுதாகச் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

வாசித்துக் காட்டியதைக் கேட்டேன். எழுநூறு அடி என்றிருந்ததை எழுநூறு மீட்டர் என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். உப்புக் கணக்கு கேசுக்குத் தேவையில்லையே, அந்தப் பகுதியை அடித்துவிடலாமா என்று கேட்டார்கள். அடிக்கச் சொல்லி ஏற்கெனவே ஒருவர் சொன்னார், அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட்டார்கள். எங்கள் நிலையத்து அறிக்கை எதிலும் என் பெயர் வந்ததில்லை. நான் கண்டது என் பெயரோடு எழுதப்பட்ட முதல் தாள் இது. இதில் உள்ளது அனைத்தும் நான் செய்ததும் கண்டதும்தான், பொய் ஒன்றும் கலக்கவில்லை.

(ஒப்பம்) ஐ. ஜெபசீலி

சாட்சி: (ஒப்பம்) ஜமீர் அகமது, ஆசிரியர். கோடுகளைப் படித்தது நான்.

சாட்சி: (ஒப்பம்) முனிசாமி, ஏட்டு. புகார் கொடுத்ததும் நான்தான். ஜாடியில் ஊற்றிக் குறித்ததும் நான்தான். ஆ என்பது ஏழாம் எண்.