அறிக்கையில் இல்லாத நாற்பது நிமிடங்கள்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, மறைந்த தமயந்தி அம்மையாரின் கணவர் முருகானந்தம் அவர்களே, மகள் சஹானா, ஹவுராவிலிருந்து இந்த லேக் கார்டன்ஸ் அரங்குக்கு வந்திருக்கும் மருத்துவமனை ஊழியர்களே, நோயாளிகளின் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

நான் ஜெய்ராம், குழந்தை மருத்துவர். அம்மையார் தலைமை மருந்தாளுநராக இருந்த மருத்துவமனையில் பதினான்கு ஆண்டுகள் அவரோடு வேலை பார்த்தவன். அவரைப் புகழ்ந்து பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தத் தகுதி உண்டா என்பதை நான் பேசி முடித்ததும் நீங்களே சொல்லுங்கள்.

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. துர்கா பூஜோ நாட்களில் ஊர் சுற்றும்போது பலர் மறந்துவிடுவார்கள். மகாளயம் முடிந்ததுமே அம்மையார் வலிப்பு நோயாளிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்வார். யார் சொன்னார்கள் அவரை அப்படிச் செய்யச் சொல்லி? எந்த உத்தரவில் இருந்தது அது? ஹவுராவில் பாதிப் பேருக்கு அவர் 'தமயந்தி தீதி', தமயந்தி அக்கா.

ஆறு ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில் ஒரு மதியம். பட்டறைத் தொழிலாளி சிவலிங்கத்தின் நான்கு வயது மகள் மேக்னாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலிப்பு நிற்கவில்லை. இரண்டு முறை ஊசி போட்டேன். நிற்கவில்லை. வேறு மருந்து ஏற்றினேன். அப்போதும் நிற்கவில்லை.

மருந்து கொண்டுவந்த தமயந்தி அம்மையார், குழந்தையின் தாய் லதாவின் கையில் இருந்த காலி மாத்திரை அட்டையைப் பார்த்தார். சிவலிங்கம் சாப்பிட்டுவந்த காசநோய் மாத்திரை அது.

"டாக்டர், குழந்தை இதை முழுங்கியிருக்கு. உடனே பி-6 குடுக்கணும்" என்றார்.

"மருந்து எடுத்துக் குடுக்கிறது உங்க வேலை. வைத்தியம் என் வேலை" என்றேன். அந்தத் தாயின் முன்னால் சொன்னேன்.

அவர் நகரவில்லை. "மூளையை அடக்கி வைக்கிறது காபாங்கிற ரசாயனம். அது உண்டாக பி-6 வேணும். இந்த மாத்திரை பி-6ஐ முடக்கிடும். உங்க ஊசி இருக்கிற காபாவுக்குத்தான் பலம் குடுக்கும். காபாவே இல்லன்னா அது எதுக்குப் பலம் குடுக்கும்?"

எனக்கு அது தெரியாதா? படித்திருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு நினைவு வரவில்லை. அவர் நினைவுபடுத்தியும் என் கௌரவம் விடவில்லை. நாற்பது நிமிடம் கழித்து, வேறு வழியில்லாமல் தலையாட்டினேன். கையிருப்பில் இருந்த பி-6 ஊசிகள் போதவில்லை. மீதிக்கு மாத்திரைகளைப் பொடி செய்து அவர் தயாராக வைத்திருந்தார். மூக்குக் குழாய் வழியே செலுத்தினோம். வலிப்பு அடங்கியது.

மேக்னா பிழைத்தாள். இன்று அவளுக்குப் பத்து வயது. ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் பேசுகிறாள்.

மறு வருடம் இதை ஒரு மருத்துவ இதழில் எழுதினேன். 'காரணம் உடனடியாகக் கண்டறியப்பட்டது' என்று எழுதினேன். அம்மையாரின் பெயர் அதில் இல்லை. அவர் அதைப் படித்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க டாக்டர். ஆனா அந்த நாற்பது நிமிஷத்தைக் காணலியே. இன்னொரு ஊர்ல இன்னொரு டாக்டர் இதைப் படிச்சா, அதுதானே அவருக்குத் தெரியணும்?"

"பாத்துக்கலாம்மா" என்றேன். தன் பெயரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை நாள் எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடித்திருப்போம்? ஒரு நாளாவது நான் அந்தப் பேச்சை எடுத்தேனா? இல்லை.

சென்ற ஞாயிறு சிவலிங்கத்தின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "அந்த நாற்பது நிமிஷம் போகலன்னா எம்பொண்ணு நல்லாப் பேசியிருப்பாளா சார்?" என்று கேட்டார்.

"தெரியலை" என்றேன். அதுதான் உண்மை.

"அந்தம்மா இருந்தா கேட்டிருக்கலாம்" என்றார்.

இன்று காலை அந்த இதழுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். தாமதமும் அதில் இருக்கிறது, அம்மையாரின் பெயரும் இருக்கிறது. புதிதாக வரும் மருத்துவர்களுக்கு இதை ஒவ்வொரு ஆண்டும் நானே பாடமாக நடத்துவேன், என் தவறையும் சேர்த்து. பூஜோவுக்கு முன் அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு இனி நான் போன் செய்வேன்.

இதையெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஆறு ஆண்டுகள் இருந்தன. இன்று உங்களிடம்தான் சொல்ல முடிந்தது.