தலைப்பு வெட்டுப்பட்ட தொடர்கதை

– ஏனுங்க, இந்த அலமாரியில இருந்த பச்சை அட்டைப் பொஸ்தகம் எங்கீங்க?

– பழைய பேப்பர்காரன் வந்தான் அனு, அள்ளிப் போட்டுட்டேன். நாளைக்குக் காலையில குவாட்டர்ஸ் சாவியக் குடுக்கோணும். லாரி வந்துரும். இப்பப் போயித் தொடர்கதையத் தேடிட்டு இருக்கறே.

– என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? வாரா வாரம் பத்திரிகையில இருந்து கிழிச்சு எடுத்து வெச்சு பைண்டிங் போட்டதுங்க அது! ரிட்டயர்மென்டுக்குக் குடுத்த கடிகாரத்த மட்டும் போர்வை சுத்தி வெச்சிருக்கீங்க!

– கடைசி ரெண்டு வாரம் இல்லாத மொண்டிப் பொஸ்தகம். பேரச் சொல்லு, நம்மூரு அன்னூருக்குப் போனதும் புதுசாவே வாங்கித் தாரேன்.

– பேரு தெரிஞ்சா நான் எதுக்குங்க அல்லாடறேன்? குன்னூர் பைண்டிங்காரன் ஓரம் வெட்டறேன்னு தலைப்பு, எழுதுனவர் பேரு எல்லாத்தையும் சேத்து வெட்டிட்டான்.

– அந்தப் பொண்ணு பேராச்சும்?

– சுமதியோ, சுகந்தியோ. டெலிபோன் ஆபீஸ்ல வேலை கெடைக்குது. போகக் கூடாதுங்கறான் புருசன். பிடி ஒடஞ்ச கொடையோட ரயில் டிக்கெட் வாங்கிட்டு பெஞ்சுல உக்காந்திருக்கறா. அதோட சரி.

– இத வெச்சு எவன் கண்டுபிடிப்பான்? விடு புள்ள.

– பக்கத்து லைன் செலஸ்டின் டீச்சர் அவங்க வாட்ஸப் வாசகர் குரூப்ல இதக் கேட்டுப் போட்டுட்டாங்க. நாலு நாளாச்சு.

– ஊருக்கே தமுக்கடிக்கறியா? முடிவுதான் அப்பவே சொன்னனில்ல?

– சொன்னீங்க. பர்லியார்ல மண்சரிவு, ரெண்டு வாரமாப் பத்திரிகைக் கட்டு மலையேறலைன்னீங்க. மேட்டுப்பாளையத்துல கூட்டாளி ஒருத்தர் படிச்சுச் சொன்னாரு, கொழந்தைக்குக் காச்சல்னு அவ ஊட்டுக்கே திரும்பிட்டாள்னீங்க.

– அப்பறம் என்ன?

– ஈரோட்டுல ஒருத்தர் அந்த ரெண்டு வாரத்தையும் வெச்சிருக்காருங்க. போட்டோ புடிச்சு அனுப்பியிருக்காரு. டீச்சர் இப்பத்தான் என்ற போனுக்கு அனுப்பி விட்டாங்க. படிக்கட்டுங்களா?

– வேண்டாம்.

– "வண்டி நகர்ந்தது. சுகந்தி திரும்பிப் பார்க்கவில்லை." இதுல காச்சல் எங்கீங்க வருது?

– கூட்டாளி தப்பாச் சொல்லியிருப்பான்.

– எந்தக் கூட்டாளி? பேரு என்ன? சொல்லுங்க!

– கத்தாத. பக்கத்து ஊட்ல கேக்கும்.

– கேக்கட்டும்! முப்பது வருசமா கத்தாம இருந்ததுதான் நான் செஞ்ச தப்பு. கேக்கட்டும்!

– மண்சரிவெல்லாம் இல்ல அனு. அந்த வாரப் பத்திரிகை வந்துச்சு. குன்னூர் பஸ் ஸ்டாண்டுலயே நின்னு படிச்சேன். மறுவாரமும் அப்பிடித்தான். கிழிச்சு ஆத்துல போட்டேன்.

– ஒரு கதைக்காகவா பொய் சொன்னீங்க?

– கட்டிலுக்கு அடியில உன்ற தகரப் பொட்டியப் பாத்துட்டேன். சேலையெல்லாம் அடுக்கி வெச்சிருந்தே. மேல கோயமுத்தூர்ல டைப்பிஸ்ட் வேலைக்கு வந்த கடுதாசி. வேலைக்குப் போனா இந்த வாசப்படிய மிதிக்காதேன்னு நான் சொன்ன வாரம் அது.

– தெரிஞ்சேதான் சொன்னீங்களா? அவளாலயே முடியல, நம்மால எப்பிடி முடியும்னு அன்னைக்கே பொட்டியப் பிரிச்சனுங்க. உங்க மூஞ்சியப் பாத்துப் பிரிக்கல. அவளப் பாத்துப் பிரிச்சேன்.

– நல்லதுக்குத்தான செஞ்சேன்? நாம நல்லாத்தான இருந்தோம், புள்ள?

– லாரிக்காரன்ட்டச் சொல்லீருங்க, அந்தத் தகரப் பொட்டிய ஏத்த வேண்டாம்னு. அது என்னோட ரயில்ல வருது.